இம்சாதானமும் துப்பாக்கி உரிமமும்

இல்லறத்தார் ஏற்கும் குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றிச் சேரும் பாவங்களை விலக்குவது அதன் பொருள். அதன் ஐந்து வகைகளுள் இம்சாதானத்தை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். தருமபுரி மாவட்டத்துக் காட்டோரங்களில் அது வெறும் ஏட்டுச் செய்தியன்று.

கொல்லும் கருவியைப் பிறர்க்கு வழங்குதலே இம்சாதானம். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வாள், கோடரி, தீ, நஞ்சு ஆகியவற்றோடு மண்வெட்டியையும் சேர்த்தே எண்ணுகிறார். மண்வெட்டி எப்படிக் கொலைக்கருவி ஆகும் என்று வகுப்பில் ஒரு மாணவியேனும் கேட்டிருப்பாள்! கருவியை அவர் பழிக்கவில்லை. எதற்கென்று எண்ணாமல் எடுத்து நீட்டும் கையையே கண்டிக்கிறார்.

பென்னாகரம், பாலக்கோடு பகுதிகளில் நிலமுடையோர் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் அஞ்சியே பயிரிடுகின்றனர். நிலக்கடலைக் கொல்லை ஓரிரவில் கிளறப்பட்டுக் கிடக்க, அவ்வுழவனிடம் அகிம்சை பேசுதல் எளிதன்று. பசியறியாது பேசுவோரை நாமும் மதிப்பதில்லை. எனினும், குழாயின் வாய்வழியே கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டு இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி, இருளில் பன்றியென்றும் மனிதனென்றும் பிரித்தறியாது. மின்வேலியும் அத்தகையதே. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரு குட்டிகள் பிழைத்தன.

இனி, சட்டத்தை நோக்குவோம். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததைப் பொதுவாக இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கியது. இவற்றைப் பலரும் அறிவர். 29ஆம் பிரிவை அறிந்தோர் சிலரே. வாங்குபவன் உரிமை உடையவனா என்று தெளியாமல் படைக்கலத்தை அவனிடம் ஒப்படைப்பவனையும் அப்பிரிவு தண்டிக்கிறது. சமந்தபத்திரர் சுட்டிய அதே கைதான்!

குத்தகைக்காரர் வந்து, "ஐயா, பன்றித் தொல்லை, இன்றிரவு மட்டும் உங்கள் துப்பாக்கியைத் தாருங்கள்" என்கிறார். பல்லாண்டு பழகியவர்; மறுக்க நா எழாது. விரோதி இம்சை இல்லறத்தார்க்கு முற்றிலும் விலக்கப்பட்டதன்றே என்று அப்போது சிலர் சமாதானம் சொல்வர். தன்மேல் பாய்வதைத் தடுப்பவன் செயல் அது. பிறன் தோளில் துப்பாக்கியை ஏற்றிவிட்டு வீட்டில் உறங்குபவனுக்கு அது எங்ஙனம் பொருந்தும்? உரிமம் உடையவர் பெயருக்கே உரியது, இரவல் தரப்படுவதன்று. பயிரிழப்புக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு மனு எழுதித் தருவதும், அவரோடு அலுவலகம் வரை நடப்பதும் நம்மால் ஆகும். அவ்வாண்டுக் குத்தகையைக் குறைத்துக்கொள்வது அதனினும் கடினம். ஆயினும் அதுவே நேர்மையான மறுமொழி என்பது எம் கருத்து.

இன்னொன்று. தந்தையார் மறைந்தபின் அவர் துப்பாக்கி பரணில் கிடக்கும் இல்லங்கள் உண்டு. நினைவுப்பொருள் என்று வைத்திருத்தலாகாது. 21ஆம் பிரிவுப்படி வாரிசுகள் அதனைக் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து, பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.