நிழலைப் பறிப்பதும் கொலையாகுமா?

கொல்லாமையை எமது சமயம் பெரிதும் வலியுறுத்துகின்றது. ஆலய வீதியில் ஓர் எறும்பை மிதிக்கவும் மனம் கூசுகின்றது. ஆனால் ஓர் உயிரைத் தொடாமல், அது ஒதுங்கி வாழும் இடத்தை மட்டும் அழித்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? சில வருடங்களாக என் மனதை உறுத்தும் வினா இது.

எமது ஆலயத்தின் மேற்கு வீதியில், இடிந்துபோன பழைய மதிற்கற்கள் குவியலாகக் கிடந்தன. மேலே பூவரசஞ் சருகு மூடியிருந்தது. திருவிழாவுக்கு முன் அதனை அகற்றிச் சீமெந்து இட வேண்டும் எனச் சபையிற் பிரேரித்தவன் அடியேன்தான். கற்களைப் புரட்டிய அன்று வீதி மண் காலைச் சுட்டது. கற்களுக்கு அடியிலோ ஈரம் இருந்தது. தேரைகள், அரணைகள், நத்தைகள், மரவட்டைகள் என ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒன்றையும் நாம் கொல்லவில்லை. ஒரு கிழமை கழித்துச் சீமெந்தின் ஓரத்தில் இரண்டு தேரைகள் காய்ந்து கிடந்தன.

அதன் பின்னர்தான் இவற்றைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். தேரையும் தவளையும் தோலினாலும் சுவாசிப்பவை; தோல் உலர்ந்தால் உயிர் தங்காது. அரணை, ஓணான் போன்றவை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்றே உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்கின்றன. நத்தை கோடையில் ஓட்டின் வாயைச் சவ்வினால் மூடிக்கொண்டு மழை வரும்வரை கிடக்கும். பகல் வெப்பம் மண்ணுக்குள் மெதுவாகவே இறங்குவதால் கல்லின் அடி, மரவேர் இடுக்கு, புற்று, கேணிக்கட்டு, சருகு மெத்தை என்பன இவற்றின் புகலிடங்களாகின்றன. நெடுந்தீவிலே பவளக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகளின் இடைவெளிகளும் இத்தகையனவே.

உலகம் சூடாகி வருகின்றது. 1850 – 1900 காலத்துடன் ஒப்பிடுகையில் 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.5 பாகை செல்சியஸ் கூடியிருந்தது. பறவை வேறிடம் பறந்து போகும். எமக்கு மின்விசிறி உண்டு. தேரை எவ்வளவு தூரம் போகும்? அதற்குக் கைக்கெட்டிய நிழலே கதி.

நிழல் இருந்தாலும் வெப்பம் அளவு கடந்தால் வேறொரு துன்பம் வரும். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மெக்சிக்கோவில் 200 இடங்களில் ஒருவகை ஓணான்களை ஆராய்ந்தது. 1975இன் பின் அவற்றில் 12 வீதமான இடங்களில் அவை அற்றுப்போயிருந்தன. வெயிலுக்கு அஞ்சி ஒதுங்கியிருக்கும் நேரம் கூடியதால், இரை தேடும் நேரம் குறைந்து இனம் பெருகவில்லை என்பதே காரணமாகக் கூறப்பட்டது. ஆகவே கல் மட்டும் போதாது. அருகிலேயே புல்லும் சருகும் பூச்சிகளும் வேண்டும். நாம் கூட்டிக் கொளுத்தும் சருகு அவற்றின் கூரை மட்டுமன்று, உணவுச்சாலையுமாகும்.

“கற்குவியலில் பாம்பும் இருக்குமே, பிள்ளைகள் ஓடித்திரியும் இடமல்லவா?” எனச் சபையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகளின் பாதுகாப்பும் தர்மமே. ஆனால் பாதையும் மடமும் துப்புரவாக இருக்க வேண்டும் என்பதற்காக நான்கு மூலைகளையும் சீமெந்தாக்க வேண்டியதில்லை.

புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபிச் சக்கரவர்த்தியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். அந்தப் புறா பறந்து வந்து அடைக்கலம் புகுந்தது. எமது தேரைகளோ முன்னரே அடைக்கலமாக இருந்தவை. நாமே அவற்றை வெயிலில் விட்டோம்.

நான் கண்ட விடை இதுதான். அன்று செய்தது அறியாமை. அறிந்த பின்னும் அதனையே செய்தால் அதற்குக் கொலை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சிய கற்களை ஆள் நடமாட்டம் இல்லாத தென்மேற்கு மூலையில், வேம்பின் கீழ் அடுக்கிவைத்திருக்கின்றோம். அங்கு சருகு கூட்டுவதில்லை; தீ வைப்பதில்லை. மழைநீர் தேங்கி நுளம்பு பெருகாதபடி சிரட்டை, பொலித்தீன் முதலியவற்றை மட்டும் பொறுக்கிவிடுகின்றோம். தொண்டு செய்ய வரும் அன்பர்கள் அந்த மூலையைக் குப்பை என எண்ணித் துப்புரவாக்கிவிட வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன். அங்கும் சில அடியார்கள் குடியிருக்கின்றார்கள்.