சிறைக்குப் போகும் கடிதம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, கடற்கரையோரத்து ஊர் ஒன்றில் நான் இமாமாக இருந்த சமயம். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, என் தாயார் வயதிருக்கும் ஓர் அம்மா பள்ளிச் சுவரோரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். கையில் ஓர் இன்லண்டு லெட்டர்.

"ஆலிம்சா, மவனுக்கு ஒரு காயிதம் எழுதித் தரணும். எனக்கு அரபுத் தமிழ்தான் எழுத வரும். அதுல எழுதினா அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாதாம், உள்ளே குடுக்க மாட்டாங்களாம்" என்றார்கள்.

மகன் எங்கே என்று நான் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். ஒரு கொலைக் குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்று மத்திய சிறையில் இருந்தான். அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். வீடு ஒழுகியது, ஆடு குட்டி போட்டது, அவன் மகள் குர்ஆனில் ஐந்தாவது ஜுஸுவுக்கு வந்துவிட்டது எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில், "அவன் வாப்பா சலாம் சொன்னதா எழுதுங்க ஆலிம்சா" என்றார்கள்.

என் பேனா நின்றுவிட்டது. அந்த வாப்பா மவுத்தாகி இருபது நாள் ஆகியிருந்தது. ஜனாஸாத் தொழுகை நடத்தியவனே நான்தான். "தெரிஞ்சா தாங்க மாட்டான். உள்ளேயே ஏதாவது பண்ணிக்குவான்" என்று அந்த அம்மா அழுதார்கள். நான் எழுதிவிட்டேன்.

வாசகர்களே! அந்த ஒரு வரி இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், இப்படிப்பட்டவனுக்குக் கடிதம் எழுதுவதே சரியா என்ற கேள்வியைப் பார்த்துவிட வேண்டும். அந்த வீட்டின் மூத்த மகன் கூடாது என்று தடுத்திருந்தார். தம்பி செய்த காரியத்தால் தன் மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்பது அவருடைய வேதனை. அதே ஊரில் கொலையுண்டவனுக்கும் ஒரு தாய் இருந்தார்கள். அவர்களுக்கு எந்த மகனிடமிருந்தும் இனிக் கடிதம் வராது. இந்த இரண்டையும் அலட்சியமாகத் தள்ளிவிட்டு உறவைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

சிலர் இதற்கு மார்க்க ஆதாரமே காட்டுகிறார்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் போருக்குப் போகாமல் தங்கிவிட்ட கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களுடனும் வேறு இரு தோழர்களுடனும் யாரும் பேசக் கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்களே, குற்றவாளியை ஒதுக்கி வைப்பது ஸுன்னத்தாயிற்றே என்கிறார்கள்.

அந்த ஹதீதை முழுவதும் படித்துப் பார்க்க வேண்டும். அந்த ஒதுக்கம் 50 நாட்களில் முடிந்தது. முடித்து வைத்தது வஹீ. நாம் வீட்டில் போடும் ஒதுக்கத்தை முடித்து வைக்க எந்த வஹீ இறங்கப் போகிறது? அந்த நாட்களிலும் ஹிலால் இப்னு உமையா (ரலி) அவர்களின் மனைவி, முதுமையடைந்த தம் கணவருக்குப் பணிவிடை செய்ய அனுமதி கேட்டார்கள். தாம்பத்தியம் கூடாது என்ற நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது.

இன்னொன்றும் நடந்தது. கஅபு (ரலி) அவர்கள் தம் சிறிய தந்தை மகன் அபூகதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரேறிப் போய் சலாம் சொன்னபோது பதில் சலாம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, ஷாம் தேசத்திலிருந்து வந்த வணிகர் ஒருவர் அவர்களைத் தேடி வந்து ஒரு கடிதம் கொடுத்தார். அது கஸ்ஸான் அரசன் எழுதியது. உம் தலைவர் உம்மை வெறுத்துவிட்டாராமே, எம்மிடம் வாரும், ஆதரிக்கிறோம் என்ற கருத்தில் இருந்தது. சொந்தக்காரன் பேச மறுத்த வேளையில் அந்நியன் அழைப்பு அனுப்புகிறான். கஅபு (ரலி) அவர்கள் அதை அடுப்பில் போட்டு எரித்தார்கள். அவர்களிடம் அந்த ஈமான் இருந்தது. நம் பிள்ளையிடம் அது இருக்குமா? வீட்டுக் கடிதம் வராத சிறைவாசிக்கு ஆதரவு சொல்ல, வெளியே வந்ததும் என்னிடம் வா என்று அழைக்க, சிறைக்குள்ளேயே ஆட்கள் உண்டு. அவர்களும் ஒருவகைக் கஸ்ஸான் அரசர்கள்தாம்.

நீதிமன்றம் கொடுத்த தண்டனை ஒன்று. அதன்மேல் இன்னொரு தண்டனை சேர்க்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மது அருந்தியதற்காக அடிக்கப்பட்ட ஒருவரைப் பார்த்து, அல்லாஹ் உன்னை இழிவுபடுத்துவானாக என்று சிலர் சொன்னபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற பொருள்படப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தது புகாரியில் வருகிறது. தண்டனை நிறைவேறிய இடத்திலேயே அவரைச் சகோதரர் என்ற பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்பதைக் கவனியுங்கள். அதற்காக, நீ ஒரு பாவமும் அறியாதவன் என்று எழுதச் சொல்லவில்லை. அநியாயம் செய்த சகோதரனுக்கு உதவி என்பது அவனை அநியாயத்திலிருந்து தடுப்பதுதான். தவ்பாவைப் பற்றியும், கொலையுண்டவனின் வீட்டாருக்கு அவன் பட்டுள்ள கடனைப் பற்றியும் வீட்டார்தாம் எழுத வேண்டும். அதிகாரி சொன்னால் அது சட்டமாகக் கேட்கும். உம்மா சொன்னால் வேறு மாதிரி கேட்கும்.

யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில், விடுதலையாகிப் போகும் சிறைத்தோழரிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உன் எஜமானிடம் என்னைப் பற்றிச் சொல் என்றார்கள். வெளியே போனவர் மறந்துவிட்டார். அந்த மறதியின் விலை இன்னும் சில ஆண்டுச் சிறை.

நமக்குப் பக்கத்துக் காலத்தில் மௌலானா அபுல்கலாம் ஆஸாத் 1942இல் கைதாகி அகமதுநகர்க் கோட்டையில் இருந்தார். கடிதம் போக வழியில்லை என்று தெரிந்தே, தம் நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்குக் கடிதங்கள் எழுதி எழுதி வைத்தார். அவை 1946இல் நூலாக வெளிவந்தன. 1943 ஏப்ரலில் அவருடைய மனைவி கல்கத்தாவில் காலமானபோது அவர் சிறையில்தான் இருந்தார். உள்ளே இருப்பவனுக்குக் கடிதம் எத்தகைய தேவை என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல?

இனி நிழற்படம். உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய எச்சரிக்கை கடுமையானது. நம் நாட்டு உலமாக்களில் பலர் அவசியமின்றிப் போட்டோ எடுப்பதையே தடுத்தவர்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ (மறைவு 1935) அவர்கள், காமிரா எதையும் படைப்பதில்லை, நிழலைப் பிடித்து வைக்கிறது, ஆகவே கூடும் என்று தீர்ப்பளித்தார்கள். அவர்கள் ஆண்ட சொல் 'ஹப்ஸ்'. சிறைவைத்தல் என்பதற்கும் அரபியில் அதே சொல்தான்! பிள்ளை வளர்வதைக் காண முடியாத தகப்பனுக்கு அதன் படம் ஒன்று அனுப்புவதை நான் தடுக்க மாட்டேன். பருவமடைந்த பெண்களின் படம் வேறு விஷயம். கடிதமும் படமும் அதிகாரிகள் பார்த்த பிறகே கைதியிடம் சேரும். பிறகு பலர் இருக்கும் அறையில் கிடக்கும். மனைவியின் படத்தை அனுப்புவதா வேண்டாமா என்பதை மனைவியிடம் கேளுங்கள். மச்சினன்மார் முடிவு செய்ய வேண்டியதில்லை.

அந்த அம்மா இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். மகனிடமிருந்து பதில் வந்திருந்தது. 'வாப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தான். பழைய படம் ஒன்றை அனுப்பிவிடலாமா என்றார்கள் அம்மா.

சமாதானம் உண்டாக்க இல்லாததைச் சொல்பவர் பொய்யராக மாட்டார் என்று ஹதீது உண்டு. என் முதல் வரிக்கு அதையே போர்வையாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் யாருக்கும் யாருக்கும் இடையே சமாதானம்? ஒரு மரணம் நடந்தால் மகன்மீது எத்தனை கடமைகள் வந்து சேர்கின்றன! வாப்பாவுக்காக துஆ, அவர் கடன், விட்டுப்போன நோன்பு. அவனும் வாரிசு, சிறையில் இருப்பதால் பங்கு குறையாது. அத்தனையையும் ஒரு பொய்ச் சலாமால் நான் மூடிவிட்டேன். "இல்லை உம்மா, நானே போய்ச் சொல்கிறேன்" என்றேன்.

அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய், மனுப் போட்டுப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவனிடம் சொன்னேன். அவன் கத்தவில்லை. "எந்த நாள்?" என்று கேட்டான். சொன்னேன். விரல்விட்டு எண்ணினான். "லீவு கேட்டிருக்கலாமே ஆலிம்சா. மண்ணு போட வந்திருப்பேனே" என்றான்.

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு விதிகளின்படி, தாய் தந்தையர் இறந்தால் தண்டனைக் கைதி அவசர விடுப்புக் கேட்க வழியுண்டு. எனக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது.

நம் ஷாபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸாத் தொழுகை கூடும், நாள் கடந்திருந்தாலும் கூடும் என்று மட்டும் அவனிடம் சொல்ல முடிந்தது. அன்று லுஹருக்குப் பின் உள்ளே இருந்த ஆறேழு பேரை நிறுத்தி அவனே இமாமாக நின்று தொழுததாக அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தான். அந்தக் கடிதத்துக்கு உம்மா பதில் சொல்ல, நான் எழுதினேன். கூடவே ஒரு படமும் வைத்தோம். கபுரும், மீசான் கல் இரண்டும், பக்கத்திலிருந்த மருதாணிச் செடியும் அதில் தெரிந்தன. உயிருள்ளது எதுவும் அதில் இல்லை. எந்த ஆலிமும் மறுக்க முடியாத படம். பின்புறத்தில் மவுத்தான தேதியை உம்மா தம் கையாலேயே அரபு எழுத்தில் எழுதினார்கள். அதற்குக் கீழே நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன், அதிகாரி படிப்பதற்காக.