கவர்ந்து கொடுப்பது தானமாகுமா?

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதியில், மாவனல்லைக்கு அருகே கரும்பாறை முகட்டோடு நிமிர்ந்து நிற்கும் உதுவன்கந்தைக் குன்றைக் கடப்பவர்கள், அங்கே மறைந்திருந்து செல்வந்தரைக் கொள்ளையிட்டு ஏழைகளுக்கு வாரி வழங்கினான் என்று கேகாலை ஜனங்கள் இன்றும் போற்றும் சரதியலை நினையாமல் போவது அரிது.

பிறர் பொருளைப் பறித்துக் கொடுப்பது தானமாகுமா என்பதே என் சிந்தையை வெகுகாலமாக வருத்தும் வினா. பசித்தவன் வயிறு நிறைந்தது மெய். கொடுத்தவன் தன்னுடையது எதையும் இழக்கவில்லை என்பதும் மெய். தன் உடைமையைத் துறப்பதிலன்றோ தானத்தின் ஜீவன் இருக்கிறது! ஆயினும், ஆங்கில அரசு 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடிகளின் காடுகளையும் புறம்போக்கு நிலங்களையும் தனதாக்கித் தோட்டங்களுக்கு விற்ற அந்தக் காலத்தில், ஜனங்கள் அவனிடத்தில் நியாயத்தின் சாயலைக் கண்டதை நான் குற்றமாகக் கருதேன்.

ஆனால், 1864 மார்ச் 21 அன்று அவனைப் பிடிக்கச் சென்று சுடப்பட்டு இறந்த துவான் சபான் என்ற மலாய்க் காவலர் எந்தச் செல்வந்தர்? சம்பளத்துக்கு உழைத்த ஓர் எளிய மனிதரின் உயிரை எந்தத் தர்மக் கணக்கில் எழுதுவது? அதற்கு நியாயம் கற்பிக்க என்னால் இயலவில்லை. சரதியலும் அவன் தோழன் மம்மலே மரிக்காரும் அவ்வாண்டு மே 7 அன்று கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். கடமையில் உயிர்நீத்த முதற் காவலராகச் சபானை மதித்து, இலங்கைப் போலீசார் மார்ச் 21ஐ வீரர் தினமாக அனுஷ்டித்து வருகிறார்கள்.