தாலியும் காந்த அறையும்

மார்பக எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் நிரப்பும் படிவம் பேஸ்மேக்கர், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்கிறது. மாதவிடாய்த் தேதியையும் கேட்கும். சுழற்சியின் 7 முதல் 14ஆம் நாள்வரை படம் தெளிவாக விழும். உலோகம் அனைத்தையும் கழற்றச் சொல்லும் வரியில்தான் பல தமிழ்ப் பெண்களின் கை நின்றுவிடுகிறது: தாலியைக் கழற்றலாமா?

தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் தாலியில் கோத்திருக்கும் ஊக்கு பெரும்பாலும் இரும்பு. சங்கிலியோ ரேடியோ அலையில் சூடேறலாம், மார்புக்கு நேரே கிடந்து படத்தையும் கெடுக்கும். எனவே கழற்றத்தான் வேண்டும். அந்தத் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமன்று. புற்றுநோய்ப் பயத்தோடு வருபவருக்குக் கணவரின் ஆயுள் பற்றிய பயமும் அதில் சேர்ந்திருக்கிறது. மரபே வழி வைத்திருக்கிறது: மஞ்சள் கயிற்றில் விரலிமஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொள்ளலாம். தாலியின்றி மாலை மாற்றும் மணத்தையும் 1967ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் செல்லும் என்றது. மணவுறவு உலோகத்தில் தங்கியிருக்கவில்லை.

படிவத்தின் கடைசியில் ஒப்புதல் கையெழுத்து. அதைக் கணவரிடம் நீட்டும் வழக்கம் இன்னும் உண்டு, அது தவறு. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடமே பெற வேண்டும் என்றது. நோயாளியின் தாய் தந்த சம்மதமும் அங்கே செல்லவில்லை.