கடன் கொடுத்தவர்கள்

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வாகனங்கள் பனிமூட்டத்தைத் தேடிப் போகின்றன. வழியில் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை யாரும் முதலீட்டாளர்களாக நினைப்பதில்லை. தோட்டத்து ஆட்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்ற பேச்சு மலையகத்துக்குப் பழையது. அவர்களின் சம்பளத்துண்டை ஒருமுறை வாங்கிப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, சம்பளத்தில் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்காகக் கழிக்கப்படுகிறது. அதனோடு தொழில்தருநர் 12 சதவீதம் கட்ட வேண்டும். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில், தோட்டத்து வேலைப்பதிவேடான செக்ரோலில் விழும் ஒவ்வொரு பேருக்கும், அதாவது ஒவ்வொரு நாள் வேலைக்கும், பறிப்பவளுடையது 108 ரூபா, தோட்டத்துடையது 162 ரூபா. மாதம் 25 பேர், 30 வருடம் என்று வைத்தால், வட்டி சேராமலே 24 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா. கைக்காசுக்குப் பறிக்கும் நாளில் பணம் உடனே கைக்கு வந்துவிடும். செக்ரோலில் பேர் விழாததால் முதுமைக்கான 270 ரூபா அன்றைக்குச் சேராது.

பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் இந்தப் பணத்தை எடுக்கலாம். அப்போதுதான் பலருக்குச் சிக்கல் தெரியவருகிறது. செக்ரோலில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க, ஆயுளெல்லாம் உழைத்தவள் சத்தியக் கடதாசியோடு அலைகிறாள்.

அதுவரை அந்தப் பணம் எங்கே இருந்தது? மத்திய வங்கியின் பொறுப்பில், பெரும்பகுதி அரசாங்கத்தின் திறைசேரி முறிகளில். நேராகச் சொன்னால், ரிவர்ஸ்டன் சரிவில் கூடை சுமப்பவள் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவள். வீதிக்கும் துறைமுகத்துக்கும் அரச செலவுகளுக்கும் போன பணத்தில் அவள் வியர்வையும் உண்டு.

2022இல் நாடு வங்குரோத்தானது. அந்த செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதமானது. அவ்வருடம் சேமலாப நிதிக்குக் கிடைத்த வட்டி 9 சதவீதம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகளில் கைவைக்கவில்லை. ஓய்வுகால நிதிகளிடம் மட்டும், பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றைப் பெறச் சொன்னார்கள். உடன்பட்டால் முறி வருமானத்துக்கு முன்போலவே 14 சதவீத வரி. மறுத்தால் 30 சதவீதம். மலையில் நின்ற எவரிடமும் அதற்குச் சம்மதம் கேட்கப்படவில்லை.

முதுமைக்குச் சேமியுங்கள் என்று ஏழைக்கு அறிவுரை சொல்வது எளிது. அவள் அதைச் செய்துவிட்டாள், சம்பளம் கைக்கு வருமுன்பே, மாதம் தவறாமல். குறை அவள் சிக்கனத்தில் இல்லை. நாம் பேச வேண்டியது, பேரைச் சரியாகப் பதியும் எழுதுவினைஞர், தன் 12 சதவீதத்தைத் தவணைக்குள் கட்டும் தொழில்தருநர், பணத்தின் பெறுமதியைக் காக்கும் அரசாங்கம் ஆகியோரின் நேர்மையைப் பற்றி. இந்த மூவரில் ஒருவர் தவறினாலும் முப்பது வருட உழைப்பு கரைந்துபோகும்.

வயதான காலத்தில் அவளுக்குக் கிடைப்பதை யாரும் உதவி என்று சொல்லக் கூடாது. அது அவளுக்கு வரவேண்டிய கூலியின் கடைசிப் பங்கு. சேமிப்பது தனிமனிதரின் ஒழுக்கம் என்றால், சேமித்ததைக் காத்துத் திருப்பிக் கொடுப்பது ஒரு நாட்டின் ஒழுக்கம்.