தோட்டத்துப் பிள்ளையும் கல்வியுரிமையும்

மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே அலுவிகாரை உள்ளது. வாய்மொழியாக வழங்கிவந்த திரிபிடகம் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் ஏட்டிலேறியது அங்கேதான் என்பது மரபு. போரிலும் பஞ்சத்திலும் ஓதுவோர் மாண்டால் அறிவும் மாண்டுவிடும் என்ற அச்சமே துறவியரை எழுதத் தூண்டிற்று. எழுத்து, அறிவைச் சிலரின் நினைவினின்றும் விடுவித்தது.

அதே மாத்தளையின் மலைகளுக்குக் கோப்பி பயிரிடவும், பின்னர் தேயிலை, ரப்பர் பயிரிடவும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அவ்வெழுத்து எவ்வாறு கிட்டிற்று? 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், அவர்களுக்குக் கல்வியளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்திடம் ஒப்புவித்தது. பிள்ளை எப்பொழுது கொழுந்துக் கூடை சுமக்கும் என்று காத்திருந்தவரே அதன் பள்ளிக்கும் காவலரானார்! 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி மலர்ந்தது. தோட்டப் பள்ளிகளோ பெரிதும் அதற்குப் புறம்பாகவே நின்றன. 1948இன் சட்டம் பெற்றோரின் குடியுரிமையையும் பறித்தது. 1970களில் தோட்டங்கள் நாட்டுடைமையான பின்னரே அப்பள்ளிகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன.

இவ்வரலாறு நம்முன் ஓர் அறக்கேள்வியை வைக்கிறது. கல்வி யாருக்கு உரியது? முதலாளிக்குப் பயன்படும் உழைப்பாளிக்கா? அரசு ஏற்றுக்கொண்ட குடிமகனுக்கா? முதலாவதாயின் கையொப்பமிடும் அளவோடு கல்வி நின்றுவிடும். இரண்டாவதாயின் ஒரு சட்டம் தந்ததை இன்னொரு சட்டம் பறித்துவிடும். ஆகவே, மனிதனாய்ப் பிறந்தமையே கல்விக்குப் போதிய உரிமை என்கிறோம் நாம்.

“எல்லோரும் படித்துவிட்டால் கொழுந்து பறிப்பது யார்?” என்று கேட்போர் உளர். ஒருவன் அறியாமையில் கிடந்தால்தான் ஒரு தொழில் நடைபெறும் என்றால், குற்றம் கல்வியில் இல்லை. அத்தொழிலின் கூலியிலும் மதிப்பிலுமே உள்ளது.

எனினும் நம் ஆசிரியரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். “படிக்காவிட்டால் மலைக்குத்தான் போவாய்” என்று பிள்ளையை அச்சுறுத்தும்போது, அதன் தாயின் உழைப்பையே இழிவென்று கற்பிக்கிறோம் அல்லவா? லயத்தைவிட்டு ஒரு பிள்ளை ஏறிச்செல்லும் ஏணியாகக் கல்வி இருப்பது நன்றே. அது மட்டும் போதாது. லயம் ஏன் இன்னும் லயமாகவே இருக்கிறது என்று அப்பிள்ளையைக் கேட்கச் செய்வதே முழுக் கல்வி. அக்கேள்விக்கு அஞ்சாத ஆசிரியரையே மலைநாடு வேண்டி நிற்கிறது.