பொத்தான் மேல் யாருடைய விரல்?

பழைய கைக்கடிகாரம் ஒன்றின் மேல் ஆசை வைப்பது தப்பா? அதிலும் குரோனோகிராப் மேல்? "வயித்துப்பாட்டுக்கே அல்லாடுற கூட்டத்துக்கு இதெல்லாம் எதுக்குப்பா?" என்று ஊரில் கேட்பார்கள். "பண்ட மோகம், சந்தை விரிச்ச வலை" என்று தோழர்கள் சொல்வார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் சாமானைப் பார்ப்போம். சாதாரண வாட்ச் மணி காட்டும். குரோனோகிராப், ஒரு காரியத்துக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் காட்டும். சாவி கொடுக்கும் திருகுக்கு மேலும் கீழும் ரெண்டு பொத்தான். மேல் பொத்தானை அமுக்கினால் நீள முள் ஓடும், இன்னொரு தடவை அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் பழைய இடத்துக்கே திரும்பும். பேட்டரி கிடையாது. சுருள்வில் அவிழ்கிற விசைதான். 1821-இல் பாரீஸ் குதிரைப் பந்தயத்தில் ரியூசெக் என்பவர் இயக்கிய கருவி, சுழலும் தட்டில் மைப்புள்ளி வைத்து நேரத்தைக் குறித்தது. 'காலத்தை எழுதுவது' என்ற கிரேக்கப் பெயர் அப்படிப் பொருந்தியது. 1970-இல் அப்போலோ 13 விண்கலம் பழுதாகித் திரும்பியபோது, பாதையைத் திருத்த 14 விநாடி எஞ்சினை இயக்கினார்கள். அந்த 14 விநாடியை அளந்தது ஒரு வீரரின் கையிலிருந்த ஒமேகா குரோனோகிராப்.

காலத்தை எழுதுவது சரி. யார் எழுதுவது, யாருடைய காலத்தை?

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் நம் சனங்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, சட்டை கூடாது, குடை செருப்பு கூடாது. மறுவருசம் தடை பதினொன்றானது. சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் தன் புத்தகத்தில் இதைப் பதிந்திருக்கிறார். அந்தப் பட்டியலில் கடிகாரம் கிடையாது. ஆனால் மணி இருக்கிறது! மிராசுதாரிடம் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை செய்ய வேண்டும். ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. பதினோரு மணி நேரம். பிள்ளைகள் படிக்கவும் கூடாது. பார்க்கக் கடிகாரமும் இல்லாமல், எழுத்தும் இல்லாமல் இருந்தவர்களின் பொழுதை இன்னொருவன் மணிக்கணக்கில் எழுதி வைத்தான்.

அமெரிக்காவில் டெய்லர், தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தார், அதற்கு 'அறிவியல் நிர்வாகம்' என்று பெயர் வந்தது. எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசுகளுக்கு அந்தச் செலவும் தேவைப்படவில்லை. குரோசுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால் போதும், 144 பெட்டி முடிகிறவரை பெண்களின் கையே முள்ளாக ஓடியது. விடியுமுன்னே வண்டி வந்து பிள்ளைகளைத் தூக்கத்தோடு அள்ளிக்கொண்டு போன காலமும் இருந்தது.

எதிர்த்திசையில் ஓர் எழுத்தும் உண்டு. வைஸ்ராய் சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் கொண்டுவந்த மசோதாதான் 1946-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தமானது. வாரத்துக்கு 54 மணி நேர வேலை 48 ஆனது. ஆறு மணி நேரம் தொழிலாளி பக்கம் திரும்பி வந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஆலைக்குத்தான், கரிசல் காட்டுக் களைவெட்டுக்கு இல்லை.

எங்கள் சித்தப்பா ரயில்வேயில் சேர்ந்து முதல் சம்பளங்களில் ஒரு எச்.எம்.டி. வாங்கினார். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு பெங்களூரில் தொடங்கிய, சாவி கொடுக்கிற நம்ம நாட்டு வாட்ச். அதைக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினால், "என்னடா, கலெக்டர் ஆயிட்டியோ? மணி என்ன சொல்லு" என்பார்கள். வாட்ச் கட்டின கைக்கும் 'டா' போகவில்லை. அவர் மணியைச் சொல்லிவிட்டு நடப்பார், வாட்சைக் கழற்றியதில்லை. எளிமையாக இரு என்று நமக்குப் போதிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கோட்டைக் கழற்றிப் போடுவது கோட்டு வைத்திருந்தவனுக்குத் துறவு. சட்டையே கூடாதென்று விலக்கப்பட்டவனுக்கு எளிமை என்பது பழைய தடைதான்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கஷ்டமானது. பழைய சாமானில் என்ன அழகு? அடுத்தவர் வீட்டுப் பழைய சோறும் கிழிந்த சேலையும் வாங்கி வளர்ந்த நமக்கு 'பழசு' என்றாலே கசக்கும். தாத்தா வாட்ச் என்று பெட்டியிலிருந்து எடுக்க நம் வீட்டில் பெட்டியே இல்லை. ரிப்பேர் கடையில் ஒருமுறை பழைய குரோனோகிராப்பின் பின்மூடியைத் திறந்து காட்டினார்கள். பொத்தானை அமுக்கியதும் ஒரு சின்ன நெம்புகோல் நகர்ந்து பல்சக்கரத்தைத் தொட்டது, முள் கிளம்பியது. தேய்ந்தாலும் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு ஓட வைக்கலாம் என்றார் கடைக்காரர். எனக்குப் பிடித்துப்போனது அதுதான். போட்டதை வாங்குவது வேறு, பார்த்துத் தேர்ந்து எடுப்பது வேறு. ஓடு என்றால் ஓடி, நில் என்றால் நிற்கிற அந்த முள் என் விரலுக்குக் கட்டுப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இன்னொருவன் சொல்லுக்கு ஓடி நின்ற கூட்டத்துக்கு அந்த ஆசை வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இங்கேதான் அறம் குறுக்கே வருகிறது. மாதச் சம்பளம் வாங்குகிற நம் வீடுகளுக்கும் இப்போது பாத்திரம் கழுவ ஓர் அக்கா வருகிறார். அவர் பத்து நிமிசம் பிந்தினால் நம் கண் முதலில் எங்கே போகிறது? மணிக்கட்டுக்குத்தானே? அந்த நிமிசத்தில் அந்தக் கையில் இருப்பது மிராசுதாரின் 7 மணி. ஆசைப்படலாம், தோழர்களே, வாங்கியும் கட்டலாம். அந்த அக்கா ராத்திரி எத்தனை மணிக்குத் தன் வீட்டுக்குப் போய்ச் சேருகிறார் என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.